மலையகத்துக் குளிர்காலையும் முரண்டுபிடிக்கும் வாகனங்களும்

மார்கழி பிறந்துவிட்டால் நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா, அக்கரப்பத்தனை, டயகம முதலிய இடங்களில் விடியற்காலை வேளையில் ஒரு சத்தம் கேட்பது வழமையாகிவிட்டது. திருவெம்பாவைப் பூசைக்காகக் கோயிலுக்குப் புறப்படும் ஒருவர் தமது காரின் சாவியைத் திருப்புகிறார். சுபஹ் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குச் செல்லவிருக்கும் இன்னொருவர் தமது வானை இயக்க முனைகிறார். கொழுந்து லொறிக்கு வழிவிடுவதற்காகத் தோட்டப் பாதையோரம் நின்ற முச்சக்கரவண்டியை வேறோர் இடத்துக்கு நகர்த்த மற்றொருவர் முயல்கிறார். இயந்திரம் பற்றிக்கொள்கிறது. சில நூறு யார் தூரம் ஓடியதும் நிறுத்தப்படுகிறது. அரை மணி நேரம் கழித்து மீண்டும் சாவியைத் திருப்பும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது. இயந்திரம் சுழல்கிறது, ஆனால் பற்ற மறுக்கிறது.

இது வாகனம் வைத்திருப்போரின் சிறு சங்கடம் என்று ஒதுக்கிவிடக் கூடிய விடயமன்று. தோட்டப்புற மக்களுக்கு நள்ளிரவில் நோயாளி ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல, லயத்துக்கு அண்மையில் நிற்கும் ஒரேயொரு வானோ முச்சக்கரவண்டியோதான் பல வேளைகளில் துணை. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 150 கட்டில்களுடன் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடம் எவ்வளவு வசதி உடையதாக இருப்பினும், அவ்விடம்வரை சென்றடைய ஒரு வாகனம் பற்றிக்கொள்ள வேண்டும். மறுபுறத்தில், நோய் எதுவென்று அறியாமலே பற்றரியையும் எரிபொருள் பம்பையும் மாற்றிப் பணத்தை இழந்த குடும்பங்களும் அநேகம். ஆகவே இக்கோளாறு எவ்வாறு தோன்றுகிறது, அதனை எவ்வாறு இனங்காண்பது என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

எமது அனுபவம்

நாம் இயந்திரவியல் கற்றவரல்லோம். பல்கலைக்கழகத்தில் கலைத்துறை பயின்றவர்கள். எனினும் இவ்விடயத்தில் எமக்கு ஆர்வம் ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜனவரி மாதத்தில் நண்பர் ஒருவரின் காரில் நுவரெலியா சென்று தங்கியிருந்தோம். இரண்டு நாட்கள் அசையாது நின்ற அக்காரை, மூன்றாம் நாள் அதிகாலையில் மரக்கறி லொறி ஒன்றுக்கு இடம் விடுவதற்காக இருபது மீற்றர் தூரம் நகர்த்தி நிறுத்தினோம். ஒரு மணி நேரத்தின் பின்னர் கொழும்புக்குத் திரும்ப எத்தனித்தபோது கார் பற்றவே இல்லை.

அழைத்துவரப்பட்ட திருத்துநர் முதலில் பற்றரியைக் குறைகூறினார். புதிய பற்றரி வாங்கினோம். பின்னர் எரிபொருள் பம்ப் என்றார். அதுவும் மாற்றப்பட்டது. மாலைவரை பயனில்லை. இறுதியில் அயல் தோட்டமொன்றின் முதிய லொறிச் சாரதி ஒருவர் வந்து, சைலன்சர் குழாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். "பெற்றோல் குடித்துவிட்டது ஐயா" என்று மட்டும் கூறினார். நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து உலர்த்தி மீண்டும் பூட்டினார். ஐந்தாவது வினாடியில் இயந்திரம் இயங்கியது. மாற்றப்பட்ட இரு பாகங்களுக்கும் அந்தக் கோளாறுக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. அன்று முதல், திருத்துவதற்கு முன்னர் இனங்காணவேண்டும் என்ற எளிய உண்மை எமது மனதில் பதிந்துவிட்டது.

குளிரும் உயரமும் செய்வது என்ன?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, நுவரெலியாவின் சராசரியோ 16 பாகை அளவிலேயே நிற்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை சில வேளைகளில் 5 பாகைக்கும் கீழே இறங்கி, புற்றரைகளிலும் தேயிலைக் கொழுந்துகளிலும் உறைபனி படிவதுண்டு. ஹற்றன், தலவாக்கலை, கொட்டகலை ஆகியவை இதனைவிடத் தாழ்வானவை. ஆயினும் விடியற்காலைக் குளிர் அங்கும் குறைந்ததன்று.

பெற்றோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதமே முழுமையான எரிதலுக்குப் பொருத்தமானது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பெற்றோலின் இலேசான கூறுகள் மாத்திரமே ஆவியாகின்றன. எஞ்சியவை உள்ளிழுக்கும் குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஈரமாகப் படிகின்றன. எனவே எரியக்கூடிய அளவு ஆவி கிடைக்கவேண்டுமாயின் தேவைக்கு மேலதிகமான பெற்றோலை உட்செலுத்த வேண்டியுள்ளது. பழைய மாருதி கார்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் 'சோக்' இழுப்பது இதற்காகவே. புதிய வாகனங்களில் இப்பணியைக் கணினி தானே செய்கிறது. இயந்திரத்தின் நீர் வெப்பநிலையை அளக்கும் உணரி ஒன்று கூறுவதைக் கேட்டு, அது பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது.

இவ்வாறு மேலதிகமாகச் செலுத்தப்பட்ட பெற்றோல், இயந்திரம் சில நிமிடங்கள் தொடர்ந்து ஓடிச் சூடேறினால் எரிந்து தீர்ந்துவிடும். ஆனால் அரை நிமிடத்தில் இயந்திரம் நிறுத்தப்பட்டால் ஈரம் அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. பிளக்கின் முனைகளுக்கிடையே பெற்றோல் நனைந்து நிற்கும்போது தீப்பொறி பாய்வதற்குப் பதிலாக மின்சாரம் ஈரத்தினூடாகவும் கரியினூடாகவும் கசிந்துவிடுகிறது. மறுமுறை சாவியைத் திருப்பும்போதும் இயந்திரம் குளிர்ந்தே இருப்பதால் கணினி மீண்டும் மேலதிக பெற்றோலைச் செலுத்துகிறது. ஈரத்தின்மேல் ஈரம் சேர்கிறது. இதனையே மலையகத்துச் சாரதிகள் பெற்றோல் குடித்துவிட்டது என்பர்.

உயரமும் இதற்குத் துணைபோகிறது. நுவரெலியாவில் வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலோ நீர்கொழும்பிலோ சரிசெய்யப்பட்ட கார்பரேற்றர் வாகனம் ஒன்று இங்கு வரும்போது, காற்று மெலிந்திருப்பதால் கலவையில் பெற்றோலின் விகிதம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பிளக்குகள் கரிபிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கணினி வாகனங்கள் அமுக்கத்தையும் அளந்து தம்மைச் சரிசெய்துகொள்வதால் அவற்றில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை.

ஒக்டேன் 95 பெற்றோல் நிரப்பினால் குளிரில் எளிதாகப் பற்றும் என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. இது தவறானது. ஒக்டேன் எண் என்பது பெற்றோல் அமுக்கத்தின் கீழ் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைக் குறிப்பது. எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதை அது குறிப்பதில்லை. கலன்களில் நீண்டகாலம் சேமித்து வைத்த பெற்றோலோ உண்மையாகவே தொல்லை தரக்கூடியது. அதன் இலேசான கூறுகள் முதலில் வெளியேறிவிடுவதால் குளிரில் பற்றும் தன்மை குன்றிவிடுகிறது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது கலன்களில் சேமித்துப் பழகியவர்கள் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

முதலில் காதால் கேட்பீர்

வைத்தியர் ஒருவர் நோயாளியிடம் வினவுவதுபோல, வாகனத்திடமும் சில வினாக்களை முறையாக எழுப்ப வேண்டும். சாவியைத் திருப்பும்போது எழும் சத்தமே முதற் சான்று. அதனை நான்கு வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, இயந்திரம் சுழலவே இல்லை, 'டக்' என்ற ஓசை மாத்திரம் கேட்கிறது அல்லது அதுவும் இல்லை. இது பெற்றோல் சம்பந்தப்பட்ட கோளாறன்று. பற்றரியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கவ்விகள் தளர்ந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு கைப்பிடி வெந்நீரும் ஓர் இறுக்கியும் தீர்த்துவைக்கும் கோளாறுக்காகப் புதிய பற்றரி வாங்கியவர்கள் பலர்.

இரண்டாவது, இயந்திரம் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுழல்கிறது. இது பற்றரியின் பலவீனத்தையோ, ஒயிலின் தடிப்பையோ, ஸ்டார்ட்டரின் தேய்மானத்தையோ குறிக்கிறது. குளிரில் பற்றரியின் வலு குறைகிறது, ஒயில் தடிப்படைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வதே சங்கடம். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பற்றரியில் 12.6 வோல்ற் இருந்தால் அது நிறைந்துள்ளது. 12.2 எனில் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழ் எனில் வெறுமையை அண்மித்துவிட்டது. சுழற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் பற்றரி நலிந்துள்ளதாகக் கொள்ளலாம். இயந்திரம் இயங்கும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிடில் குறை மின்பிறப்பாக்கியில் உள்ளது. பற்றரியை மாற்றுவதால் பயனில்லை. இந்த மூன்று அளவுகளையும் எடுக்க ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதுமானது.

மூன்றாவது, இயந்திரம் உற்சாகமாகச் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை. இங்குதான் மூக்கின் உதவி தேவை. சைலன்சர் வாயிலில் பெற்றோல் மணம் வீசினால் எரிபொருள் சென்றிருக்கிறது, தீப்பொறியே தோற்றுவிட்டது. மணமே இல்லையெனில் எரிபொருள் வரவில்லை. அப்போது பம்ப், அதன் பியூஸ், வடிகட்டி ஆகியவற்றை நோக்கவேண்டும். எமது நண்பரின் காரில் இந்த முகர்தல் ஒன்று முதலிலேயே செய்யப்பட்டிருந்தால் ஒரு பம்பின் விலை மீதமாகியிருக்கும்.

நான்காவது, பற்றிக்கொண்டு உடனே அணைகிறது அல்லது நடுக்கத்துடன் ஓடுகிறது. காற்று நுழையும் வழியில் விரிசல், அழுக்கடைந்த திரொட்டில் வால்வு, தவறாக அளக்கும் வெப்பநிலை உணரி, ஒரு சிலிண்டரில் மாத்திரம் தீப்பொறி இன்மை ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

பழைய வாகனங்களில் மூடுபனியின் ஈரம் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் மின்கம்பிகளிலும் படிந்து தீப்பொறியைக் களவாடுவதும் உண்டு. இருளில் இயந்திர மூடியைத் திறந்துவைத்து ஒருவர் சுழற்ற மற்றவர் தொடாமல் நோக்கினால், கம்பிகளின் மேல் நீல நிறத்தில் மின்சாரம் ஓடுவது தெரியும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும். சூட்டை நாடி இயந்திரப் பகுதிக்குள் ஒதுங்கும் எலிகள் கம்பிகளைக் கடித்துவைப்பதையும் மறந்துவிடலாகாது.

பெற்றோல் குடித்த இயந்திரத்துக்கு முதலுதவி

மணம் வீசுகிறது என்று உறுதியானால் மேலும் மேலும் சுழற்றுவது அறிவீனம். ஒரு தடவை பற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சிறிது. ஆனால் பத்து வினாடி வீதம் பத்துத் தடவை சுழற்றினால் சிறிய கார் பற்றரியின் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். ஏற்கெனவே பாதி வெறுமையாக இருந்த பற்றரி அத்துடன் ஓய்ந்துவிடும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

முதலில் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பின்னர், கணினி வழி எரிபொருள் செலுத்தும் பெரும்பாலான வாகனங்களில், அக்சிலேற்றரைத் தரைவரை முழுமையாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து வினாடி சுழற்றவேண்டும். அவ்வாறு மிதித்திருக்கும்போது சுழற்றினால் கணினி எரிபொருளை நிறுத்திக் காற்றை மாத்திரம் உள்ளே விடுகிறது. அக்காற்று ஈரத்தை உலர்த்துகிறது. பற்றத் தொடங்கியதும் காலை மெல்லத் தளர்த்தவேண்டும். கார்பரேற்றர் வாகனமாயின் சோக்கை முழுமையாக உள்ளே தள்ளிவிட்டு இதே முறையைக் கையாளலாம். ஆனால் மிதியை மீண்டும் மீண்டும் அமுக்கலாகாது. ஒவ்வோர் அமுக்கமும் மேலும் பெற்றோலைப் பீய்ச்சும். பொத்தான் அழுத்தி இயக்கும் ஹைபிரிட் வாகனங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்குரிய கைந்நூலையே பின்பற்றவேண்டும்.

அதற்கும் இணங்காவிடில் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பிளக்கின் முனை ஒரு நாட்குறிப்பைப் போன்றது. இளம் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். பெற்றோலில் நனைந்திருப்பது நாம் கூறிய கோளாறு. உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை நீண்ட காலமாகவே மிகையாக இருந்திருக்கிறது. பிசுபிசுத்த ஒயில் படிந்திருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்துள்ளன.

பிளக்குகள் உலர்ந்தபின்னும் இயந்திரம் வழமையைவிட வேகமாக, பாரமற்றதுபோல் சுழன்றுகொண்டேயிருந்தால் அது மற்றோர் அறிகுறி. சிலிண்டர் சுவரில் இருந்த ஒயில் படலத்தைப் பெற்றோல் கழுவிச் சென்றுவிட்டதால் அமுக்கம் குறைந்துவிட்டது என்பது பொருள். அனுபவமுள்ள திருத்துநர் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி இயந்திர ஒயில் விட்டு, எரிபொருளையும் தீப்பொறி மின்சாரத்தையும் துண்டித்துவிட்டுச் சிறிது சுழற்றி, பின்னர் பிளக்குகளைப் பூட்டுவார். அமுக்கம் மீளும். இதனை அறியாதவர் இயந்திரமே போய்விட்டது என்று கூறி, அதனைப் பிரித்துப் போடக்கூடும்.

அடிக்கடி நேர்ந்தால் வேர் எங்கே?

ஒருமுறை நேர்ந்தால் அது பழக்கத்தின் பிழை. சற்று நீண்ட ஓட்டத்தின் பின்னரும் அடிக்கடி நேர்ந்தால் பாகம் ஒன்றில் பிழை உண்டு. மலையகத்தில் நாம் முதலில் சந்தேகிக்க வேண்டியது தேர்மோஸ்டற் எனப்படும் சிறிய வால்வையே. இயந்திரத்து நீர் 82 முதல் 88 பாகை வரை சூடேறும்வரை அதனை ரேடியேற்றருக்குச் செல்லவிடாமல் தடுத்துவைப்பதே இதன் பணி. வெப்பமான பிரதேசங்களில் இயந்திரம் கொதிக்கிறது என்ற முறைப்பாடு வந்தவுடன் இந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது எமது நாட்டில் பரவலான வழக்கம். கொழும்பு வெயிலில் இக்குறை வெளியே தெரியாது. நுவரெலியாக் குளிரிலோ அவ்வாகனம் எவ்வளவு தூரம் ஓடினாலும் உரிய சூட்டை எட்டுவதில்லை. கணினி, இயந்திரம் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதி மேலதிக பெற்றோலைத் தந்துகொண்டேயிருக்கிறது. எரிபொருள் வீணாகிறது, பிளக்குகள் கரிபிடிக்கின்றன. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கான புகைப் பரிசோதனையிலும் வாகனம் தவறக்கூடும். கீழ்நாட்டிலிருந்து பழைய வாகனம் வாங்குவோர், தேர்மோஸ்டற் இருக்கிறதா என்ற வினாவை முதலில் கேட்பது நன்று.

அடுத்தது வெப்பநிலை உணரி. இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், இயந்திரத்தை இயக்குவதற்கு முன்னர் ஸ்கேனரை இணைத்து, நீரின் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவும் அன்றைய குளிருக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும். காற்று 9 பாகை என்று காட்ட நீர் 40 பாகை என்று காட்டினால் உணரி பொய் கூறுகிறது. பூச்சியத்துக்கும் கீழே 40 பாகை என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. கணினியில் பதியும் குறியீடுகளும் உதவும். 'பி 0128' இயந்திரம் உரிய சூட்டை அடையாததையும், 'பி 0172' கலவை மிகையாக இருப்பதையும், 'பி 0300' பல சிலிண்டர்களில் எரிதல் தவறுவதையும் குறிப்பன. எனினும் குறியீடு ஒரு திசைகாட்டியே அன்றித் தீர்ப்பு அன்று. குறியீட்டைக் கண்டவுடன் பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் என்றவுடன் கையில் கிடைத்த மாத்திரையை விழுங்குவதை ஒத்தது.

டீசல் வாகனங்களின் கதை வேறு. அவற்றில் தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் எரிகிறது. குளிர்ந்த சிலிண்டர் அந்தச் சூட்டைக் களைந்துவிடும் என்பதால் ஹீற்றர் பிளக்குகள் உள்ளன. சாவியை ஒரு படி திருப்பி, சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சுழற்றுவதே முறை. பழைய வான்களில் நான்கில் இரண்டு ஹீற்றர் பிளக்குகள் எரிந்துபோயிருப்பது சாதாரணம். பற்றிய பின்னர் கண்ணைக் கரிக்கும் வெண்புகை எழுந்து, சூடேறியதும் மறைந்தால் இவற்றையே ஐயுறவேண்டும். ஈதர் கலந்த தெளிப்பான்களை ஹீற்றர் பிளக் உள்ள இயந்திரத்தில் பயன்படுத்துவது ஆபத்தானது.

வெண்ணிறக் கூழ் கண்டு அஞ்சவேண்டுமா?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகிறது. குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து நீர் சொட்டுவது இதனாலேயே. ஆகவே அது கோளாறன்று. ஆனால் தினந்தோறும் சிறு தூரமே ஓடும் வாகனத்தில் இந்நீரின் ஒரு பகுதி இயந்திரத்தினுள்ளேயே குளிர்ந்து ஒயிலுடன் கலக்கிறது. ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணிறக் கூழ் படிந்திருப்பதைக் கண்டு, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று தீர்ப்பளிப்போர் உளர். அது பெரும் செலவுக்குரிய வேலை. உடன்பட்டுவிடுவதற்கு முன்னர் மூன்றைக் கவனிக்கவேண்டும். ரேடியேற்றர் நீர் குறைகிறதா? சூடேறிய பின்னரும் வெண்புகை நிற்காமல் வருகிறதா? ஒயில் அளவுகோலிலும் பாலேறிய நிறம் தெரிகிறதா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையாயின் மூடியைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் தொடர்ச்சியாக ஓட்டினாலே போதும்.

ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்து, அளவுகோலில் பெற்றோல் மணமும் வீசினால் அதனை அலட்சியம் செய்யலாகாது. எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்துள்ளது. உடனே ஒயிலை மாற்றவேண்டும். குறுந்தூர ஓட்டமே வழக்கமான வாகனங்களுக்குக் கைந்நூல் கூறும் கடுமையான பாவனைக்குரிய கால அட்டவணையின்படி ஒயில் மாற்றுவதே பொருத்தமானது.

செய்யத்தகாதன

சரிவான பாதையில் வாகனத்தை உருளவிட்டு இயந்திரத்தைப் பற்றவைக்கும் பழக்கம் மலையகத்தில் வேரூன்றியது. பற்றரி ஓய்ந்த பழைய வாகனத்துக்கு அது கைகொடுத்திருக்கலாம். பெற்றோல் குடித்த இயந்திரத்துக்கு உதவாது. எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக்குச் சென்று அதனைப் பாழாக்கும். அதனிலும் பெரிய ஆபத்து பிரேக்கில் உள்ளது. இயந்திரம் ஓடாதபோது பிரேக்கின் துணைவிசை இரண்டு மூன்று மிதிப்புகளுடன் தீர்ந்துவிடும். ஸ்டியரிங்கும் பாரமாகும். 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ், வான், முச்சக்கரவண்டி மோதுண்டு ஏழு பேர் உயிரிழந்த துயரம் எவரும் மறக்கத்தக்கதன்று. அது குளிரில் பற்றாத இயந்திரத்தால் நேர்ந்ததன்று. எனினும் மலைச்சரிவில் பிரேக்கை நம்பமுடியாத வாகனம் என்ன செய்யும் என்பதை அவ்வீதி எமக்குக் காட்டியிருக்கிறது.

மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் உயிராபத்தானது. குளிர்ந்த இயந்திரமே காபன் மொனொக்சைட் வாயுவை அதிகம் வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வருமுன் காத்தல்

தடுப்பது எளிது. காலையில் நகர்த்த வேண்டிய அவசியம் நேராத இடத்தில் முதல் நாள் இரவே வாகனத்தை நிறுத்துக. தவிர்க்க இயலாமல் இயக்கினால், நிறுத்துவதற்கு முன்னர் வெப்பமானியின் முள் அசையத் தொடங்கும்வரையேனும் ஓட்டுக அல்லது திறந்த வெளியில் ஓடவிடுக. கோயிலோ பள்ளிவாசலோ அரை மைல் தொலைவில் இருக்குமாயின் நடந்து செல்வது காருக்கும் நலம், உடலுக்கும் நலம். பற்றிய பின்னர் அரை நிமிடத்தில் மெதுவாகப் புறப்பட்டு, சூடேறும்வரை இயந்திரத்தை வருத்தாமல் ஓட்டுவதே சிறந்த சூடேற்றல். நின்ற இடத்தில் பதினைந்து நிமிடம் ஓடவிடுவதால் எரிபொருளே வீணாகிறது. வாரத்தில் ஒரு நாளேனும் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுக. கைந்நூல் குறிப்பிடும் ஒயிலையே பாவிக்க. 5டபிள்யூ, 10டபிள்யூ என்பவற்றில் முன்னால் நிற்கும் எண் குறைந்தால் குளிரில் ஒயில் இலகுவாக ஓடும் என்பது பொருள்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்த ஐந்தாண்டு இடைவெளியில் நாட்டின் வாகனங்கள் முதுமையடைந்தன, உதிரிப்பாகங்களின் விலையோ உயர்ந்தது. புதிய வாகனம் வாங்குவது தோட்டப்புறக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. எனவே இருக்கும் வாகனத்தை அறிந்து பேணுவதைத் தவிர வேறு வழியில்லை. வாகனத் திருத்தக் கைந்நூல்கள் தமிழில் கிடைக்கச் செய்வதும், மலையக இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சிகளில் பாகங்களை மாற்றும் திறனோடு கோளாறை இனங்காணும் முறையையும் கற்பிப்பதும் காலத்தின் தேவையாகும்.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த குளிர்காலையில் உங்கள் வாகனம் முரண்டுபிடித்தால், பணப்பையைத் திறப்பதற்கு முன்னர் காதையும் மூக்கையும் திறவுங்கள். இறுதியாக எப்போது, எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதை நினைவுகூர்ந்து, வரும் திருத்துநரிடம் அதனை முதலில் கூறுங்கள். அன்று அந்த முதிய சாரதி எம்மிடம் கேட்ட முதல் வினாவும் அதுவேதான்.